வணிக உடன்பாடுகளும் வாக்குறுதிகளும் எப்போது சட்டப்படி செல்லும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு தொழில் நடத்துவோர், பங்குதாரர்கள், ஒப்பந்த வேலை எடுப்போர் ஆகியோரிடமிருந்து ஒரே மாதிரியான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ஐயும் அதனோடு தொடர்புடைய சில சட்டங்களையும் அடிப்படையாகக் கொண்டவை. பெரும்பாலான கேள்விகள் "செல்லுமா?" என்றே முடிகின்றன. ஆனால் அதற்குள் மூன்று தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன: ஒப்பந்தம் என்று ஒன்று உருவானதா, உருவானதை நிரூபிக்க முடியுமா, நிரூபித்தாலும் வழக்குத் தொடர வேறு சட்டத் தடை ஏதேனும் இருக்கிறதா. இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் சிலர் நல்ல வழக்கைக் கைவிடுகிறார்கள். வேறு சிலர் தோற்கப்போகும் வழக்குக்குப் பணம் செலவழிக்கிறார்கள்.

1. எழுத்தில் எதுவும் இல்லை, பேச்சிலேயே முடித்த வியாபாரம். இது சட்டப்படி செல்லுமா?

செல்லும். ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற பொது விதி ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை. அதன் 10-ஆவது பிரிவு கேட்பவை வேறு: தரப்பினரின் சுதந்திரமான சம்மதம், ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி, சட்டத்துக்கு உட்பட்ட மறுபயனும் (வாக்குறுதிக்குப் பதிலாகத் தருவது அல்லது செய்வது) நோக்கமும், செல்லாது என்று சட்டமே அறிவித்த வகைகளுள் சேராமை. எழுத்தும் சாட்சியும் பதிவும் வேறொரு சட்டவிதி கட்டாயமாக்கிய இடங்களில் மட்டுமே தேவை. நிலம், வீடு தொடர்பானவை அவற்றுள் முதன்மையானவை (6-ஆம் கேள்வி).

சிக்கல் நிரூபணத்தில் வருகிறது. வாய்மொழியாகப் பேசியதை எதிர்த்தரப்பு மறுத்துவிட்டால், சுற்றியுள்ள ஆவணங்கள்தான் கைகொடுக்க வேண்டும்: அட்வான்ஸ் வந்ததற்கான வங்கிக் கணக்குப் பதிவு, ஜிஎஸ்டி இன்வாய்ஸ், லாரி வாடகை ரசீது, டெலிவரி சலான். "50 மூட்டை சரியாக வந்து சேர்ந்தது" என்று சலானின் மூலையில் கோடவுன் பொறுப்பாளர் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு வரியே வழக்கின் போக்கைத் தீர்மானித்துவிடுவதுண்டு.

2. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டாலே ஒப்பந்தம்தானே? அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒத்துக்கொள்வது முதல் படி மட்டுமே. சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாட்டைத்தான் ஒப்பந்தம் என்கிறது பிரிவு 2. தங்களுக்குள் சட்டப் பிணைப்பை ஏற்படுத்தும் எண்ணம் தரப்பினருக்கு இருந்ததா என்பதையும் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 1919-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பால்ஃபர் வழக்கில், இலங்கையில் பணிபுரிந்த கணவர் மனைவிக்கு மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகச் சொன்னது குடும்ப ஏற்பாடே தவிர ஒப்பந்தமன்று என்று முடிவானது. வணிக உறவில் நிலைமை நேர்மாறானது; அந்த எண்ணம் இருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும்.

தகுதி பற்றி ஒரு சொல். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் மோகோரி பீபீ வழக்கில், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அவர் வயதுக்கு வந்த பிறகு அதை உறுதிப்படுத்தவும் முடியாது. கடையைப் பார்த்துக்கொள்ளும் 17 வயது மகன் தன் பெயரில் கையெழுத்திட்ட கொள்முதல் ஆணையை நம்பிச் சரக்கு அனுப்புவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். தந்தையின் முகவராக அவன் கையெழுத்திட்டிருந்தால், தந்தை பொறுப்பாவார்.

3. கொட்டேஷன் அனுப்பினேன். "5 சதவீதம் குறைத்தால் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். நான் மறுத்ததும் பழைய விலைக்கே தரச் சொல்கிறார். தந்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏற்பு நிபந்தனையற்றதாகவும் முழுமையானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 7. விலையைக் குறைக்கச் சொன்னபோதே அவர் உங்கள் முன்மொழிவை நிராகரித்துத் தன் பங்குக்குப் புதிதாக ஒன்றை முன்வைத்துவிட்டார். பழைய முன்மொழிவு அத்துடன் முடிந்தது. இப்போது அவர் கேட்பதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். "இதைவிடக் குறைய வாய்ப்புண்டா?" என்று அவர் விசாரித்திருந்தால் மட்டும் கதை வேறு, வெறும் விசாரிப்பு நிராகரிப்பாகாது.

இதோடு சேர்ந்தே வரும் இரண்டு ஐயங்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். "இந்த விலை 10 நாள் வரை" என்று எழுதியிருந்தாலும், எதிர்த்தரப்பு ஏற்புக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அதை நீங்கள் திரும்பப் பெறலாம். 10 நாள் திறந்துவைப்பதற்கென்று தனியாக ஏதேனும் பெற்றிருந்தால் மட்டும் முடியாது. இரண்டாவது, "பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்" என்று எழுதி யாரையும் கட்டுப்படுத்த முடியாது. மௌனம் சம்மதம் என்ற பழமொழி இங்கே பலிக்காது. ஆனால் எதுவும் பேசாமலே சரக்கை இறக்கி விற்கத் தொடங்கினால், அந்தச் செயலே ஏற்பாகிவிடும் (பிரிவு 8).

4. எல்லாம் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும்தான் பேசினோம். "முறையான அக்ரிமென்ட் பிறகு போடலாம்" என்று விட்டுவிட்டோம். இப்போது கையெழுத்து இல்லை என்கிறார்.

கையெழுத்திட்ட பத்திரம் இல்லை என்பதாலேயே ஒப்பந்தம் இல்லை என்றாகிவிடாது. டிரைமெக்ஸ் – வேதாந்தா அலுமினியம் வழக்கில் (2010) பாக்சைட் கனிமத்தை 5 கப்பல்களில் அனுப்புவது பற்றி மின்னஞ்சலில் விலையும் அளவும் பிற அடிப்படை நிபந்தனைகளும் பேசி ஏற்கப்பட்டிருந்தன. முறையான பத்திரம் கையெழுத்தாகவில்லை. ஆனாலும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தை மறுக்க முடியாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் உறுதி செய்கிறது. மாறாக, "பத்திரம் கையெழுத்தாகும் வரை யாரையும் கட்டுப்படுத்தாது" என்று செய்தியிலேயே எழுதியிருந்தால் அந்த வரியே மேலோங்கும்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் எமோஜிக் குறி அனுப்பினால் சம்மதமா என்று கேட்காதவர்கள் இல்லை. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் 2023-இல் ஆளிவிதை கொள்முதல் வழக்கு ஒன்றில், ஒப்பந்தத்தின் படத்துக்குப் பதிலாக விவசாயி அனுப்பிய கட்டைவிரல் குறி ஏற்பாகக் கொள்ளப்பட்டது. அதே இருவர் முன்பு பலமுறை "சரி" என்பது போன்ற ஒற்றைச் சொற்களிலேயே வியாபாரம் முடித்து, சரக்கையும் ஒழுங்காக அனுப்பியிருந்தார்கள் என்பதே அங்கே முக்கியம். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

நிரூபணத்துக்கு ஸ்கிரீன்ஷாட் அச்சுப்படி மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி உரிய சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். செல்பேசியை மாற்றும்போது பழைய உரையாடலை அழித்துவிடுவது, நான் பார்த்தவரையில், வணிகர்கள் தங்களுக்கே செய்துகொள்ளும் பெரிய கெடுதல்.

5. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை வைத்தால்தான் அக்ரிமென்ட் செல்லும் என்கிறார்களே?

ஒப்பந்தம் உருவாவதற்கும் முத்திரைத்தாளுக்கும் தொடர்பில்லை. முத்திரைத்தீர்வை என்பது அரசுக்குச் செலுத்த வேண்டிய வரி. அதைச் செலுத்தாத ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று இந்திய முத்திரைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு தடுக்கிறது. குறைவுத் தொகையையும் அதற்கான அபராதத்தையும் கட்டியபின் பெரும்பாலான ஆவணங்களுக்கு அந்தத் தடை நீங்கும். இது சரிசெய்யக்கூடிய குறைபாடே, ஆவணத்தைச் செல்லாததாக்குவதன்று என்று உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. பழைய முத்திரைத்தாள் 6 மாதத்தில் காலாவதியாகும் என்ற நம்பிக்கையும் தவறு. திருவேங்கடம் பிள்ளை – நவநீதம்மாள் வழக்கில் (2008), 6 மாதம் என்பது பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பதற்கான கெடுவே என்று நீதிமன்றம் விளக்கியது. ஆனால் பின்தேதியிட்டுத் தயாரித்தார்களோ என்ற சந்தேகத்துக்குப் பழைய தாள் இடம் தரும்.

நோட்டரியின் சான்று, கையெழுத்திட்டவர் அவர்தான் என்பதற்குத் துணை செய்யும்; உள்ளே எழுதியிருக்கும் நிபந்தனைகளுக்கு அது உயிர் கொடுக்காது. நிபந்தனைகளை ஒருமுறை நிதானமாகப் படிப்பதற்குச் செலவிடும் அரை மணி நேரம் நோட்டரி முத்திரையைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

6. இடம் வாங்க டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டோம், பதிவு செய்யவில்லை. வீணா?

100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவுச் சட்டம், 1908-இன் 17-ஆவது பிரிவுப்படி பதிவு செய்யப்பட வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கிரய உடன்படிக்கையும் (விற்பதாக முன்கூட்டிப் போடும் அக்ரிமென்ட்) கட்டாயப் பதிவுக்கு உரியது. எனவே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அதற்காக முழுவதும் வீணாகிவிடவில்லை. பதிவாகாத கிரய உடன்படிக்கையையும், அதை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஹேமலதா – கஸ்தூரி வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தாளை மட்டும் காட்டிச் சொத்தில் உரிமை கொண்டாட முடியாது.

7. "லாபத்தில் 10 சதவீதம் உனக்குத் தருகிறேன்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். தரவில்லை. வழக்குப் போடலாமா?

பதிலுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள், அல்லது என்ன செய்தீர்கள் என்பதே முதல் கேள்வி. அதுதான் மறுபயன்; அது இல்லாத வாக்குறுதி பொதுவாக நிறைவேற்றத்தக்கதன்று. "இந்த ஆர்டரை முடித்துக் கொடுத்தால் 10 சதவீதம்" என்று சொல்லி, நீங்கள் கூடுதல் பொறுப்பேற்று முடித்திருந்தால் உங்களுக்கு உரிமை உண்டு. மகிழ்ச்சியில் அறிவித்த பரிசு மட்டுமே என்றால் இல்லை. செய்த வேலை, வாக்களித்தவரின் விருப்பத்தின் பேரில் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அலகாபாத்தில் 1880-இல் தீர்ப்பான துர்கா பிரசாத் வழக்கில், கலெக்டர் சொல்லி ஒருவர் தன் செலவில் சந்தை கட்டினார்; அங்கே கடை வைத்தவர்கள் விற்பனையில் அவருக்குத் தரகு தருவதாக ஒப்புக்கொண்டார்கள். கடைக்காரர்கள் கேட்டு அவர் கட்டவில்லை என்பதால் தரகு கோரிய வழக்கு தோற்றது.

நன்கொடை வாக்குறுதிகளிலும் இதே அளவுகோல்தான். ஹவுராவில் நகர மண்டபம் கட்ட 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்டவர், அதை நம்பிக் கட்டடப் பணிக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டுவிட்டதால் பணம் கட்ட வேண்டியதாயிற்று (கேதார்நாத் வழக்கு, 1886). மசூதிப் பழுதுபார்ப்புக்கு 500 ரூபாய் தருவதாகச் சொன்னவரோ, அவர் சொல்லை நம்பி எந்த வேலையும் தொடங்கப்படாததால் தப்பினார் (அப்துல் அஜீஸ் வழக்கு, 1914).

மறுபயனின் அளவு பற்றி நீதிமன்றம் கவலைப்படாது. 1,000 ரூபாய் பெறும் குதிரையை 10 ரூபாய்க்கு விற்க ஒருவர் மனமொப்பிச் சம்மதித்தால் அது ஒப்பந்தமே என்று 25-ஆவது பிரிவின் எடுத்துக்காட்டே சொல்கிறது. மனமொப்பித்தான் சம்மதித்தாரா என்று சந்தேகம் வரும்போது, அந்தக் குறைந்த விலை அவருக்குச் சாதகமான சாட்சியாகும்.

8. பாக்கி 5 லட்சம். "3 லட்சம் கொடுங்கள், கணக்கை முடித்துக்கொள்ளலாம்" என்று வாங்கிக்கொண்டேன். மீதி 2 லட்சத்தை இப்போது கேட்கலாமா?

முழுப் பாக்கிக்கும் ஈடாக ஏற்றுக்கொண்டீர்கள் என்றால் கேட்க முடியாது. முந்தைய பதிலில் சொன்ன மறுபயன் விதிக்கு இது ஒரு விலக்கு. கடனை முழுவதுமோ பகுதியோ விட்டுக்கொடுக்க 63-ஆவது பிரிவு தனி மறுபயன் கேட்பதில்லை. பழைய ஆங்கிலச் சட்டநூல்களைப் படித்துவிட்டு மறுபயன் இல்லாத தள்ளுபடி செல்லாது என்று வாதிடுவோர் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். "தற்காலிகமாக 3 லட்சம் பெற்றுக்கொண்டேன், மீதி நிலுவை" என்று ரசீதில் எழுதியிருந்தால் உரிமை காப்பாற்றப்பட்டிருக்கும்.

9. "விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டோம். அப்போது ஒப்பந்தமே இல்லையா?

எது விடுபட்டது, அதை நிரப்ப வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது என்கிறது பிரிவு 29. அதன் எடுத்துக்காட்டுகள் அழகானவை: ஒருவர் "100 டன் எண்ணெய்" விற்கச் சம்மதித்தார், எந்த எண்ணெய் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை, அது செல்லாது. அதே சொற்களைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி சொன்னால் அவருடைய தொழிலே பொருளை உணர்த்திவிடுகிறது, ஒப்பந்தம் செல்லும். விலையும் அப்படித்தான். சரக்கு விற்பனையில் விலையோ அதைத் தீர்மானிக்கும் முறையோ பேசப்படாவிட்டால் நியாயமான விலை தர வேண்டும் என்று சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 9-ஆவது பிரிவு இடைவெளியை நிரப்புகிறது. ஆனால் "இருவரும் பேசி முடிவு செய்யும் விலைக்கு" என்று தெளிவாக எழுதி, பின்னர் பேசி முடிக்கவே இல்லை என்றால், நீதிமன்றம் தானே ஒரு விலையை எழுதித் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

10. கையெழுத்தானது புரிந்துணர்வு ஒப்பந்தம்தான், எனவே யாரையும் கட்டுப்படுத்தாது என்கிறார்கள். உண்மையா?

தலைப்பு எதையும் தீர்மானிப்பதில்லை. அதே பெயருள்ள ஆவணத்தில் விலை, அளவு, காலம், கடமை எல்லாம் முடிவாகியிருந்தால் அது கட்டுப்படுத்தும். எதிர்காலத்தில் பேசுவதற்கான குறிப்புகளாக மட்டும் இருந்தால் கட்டுப்படுத்தாது. விருப்பக் கடிதம் எனப்படும் எல்ஓஐ பொதுவாகப் பின்னர் ஒப்பந்தம் செய்யும் எண்ணத்தை மட்டுமே காட்டுகிறது என்று டிரெஸ்ஸர் ராண்ட் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கடிதத்தை வைத்து இயந்திரம் வாங்கி ஆட்களை அமர்த்திவிடுவோர், குறைந்தபட்சம் "உடனே வேலையைத் தொடங்கவும்" என்ற வரியையாவது கேட்டுப் பெற வேண்டும்.

11. 12 பக்க ஆங்கிலப் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்குப் புரியாத ஒன்று என்னைக் கட்டுப்படுத்துமா?

பொதுவாகக் கட்டுப்படுத்தும். படிக்கவில்லை என்பது தப்பிக்கும் வழியன்று. உள்ளடக்கத்தைப் பற்றிப் பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து, மிரட்டியோ நெருங்கிய செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தியோ பெற்ற சம்மதம் ஆகியவற்றில், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் (பிரிவுகள் 19, 19ஏ). அவர் ரத்து செய்யும் வரை ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கிறது. உண்மை தெரிந்த பிறகும் அதன் பயனைத் தொடர்ந்து அனுபவித்தால், உறுதி செய்துவிட்டதாகவே கொள்ளப்படும்.

பேரம் பேசும் வலிமையே இல்லாத ஊழியர் மீது திணிக்கப்பட்ட ஒருதலைப்பட்சமான பணிநீக்க விதியை பிரஜநாத் கங்குலி வழக்கில் (1986) உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. இரு தரப்பும் வணிகர்களாக உள்ள வணிகப் பரிவர்த்தனைக்கு இந்த வாதம் பொருந்தாமல் போகலாம் என்றும் அதே தீர்ப்பு கோடிட்டுக் காட்டுகிறது. "எனக்கு நஷ்டமான பேரம்" என்று சொல்லி வெளியே வரப் பார்க்கும் வியாபாரிகள் அந்தப் பகுதியையும் படிக்க வேண்டும்.

12. வேலையை விட்டால் 2 ஆண்டுகள் அதே தொழிலில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். பாண்டும் இருக்கிறது. இரண்டும் செல்லுமா?

இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது பிரிவு 27. வேலையில் இருக்கும்போது போட்டி நிறுவனத்துக்கு உழைக்கக்கூடாது என்ற தடை செல்லும். வேலையை விட்ட பிறகும் நீளும் தடை, எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், பொதுவாகச் செல்லாது. தொழில் ரகசியத்தையும் வாடிக்கையாளர் விவரங்களையும் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை இதில் அடங்காது, அது செல்லும். கடையை அதன் நற்பெயரோடு விற்றவர், நியாயமான எல்லைக்குள் அதே தொழில் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்வதும் சட்டமே அனுமதித்த விலக்கு.

பாண்டு, அதாவது குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் தருவதாக எழுதிக் கொடுப்பது, வேறு வகை. குறைந்தது 3 ஆண்டுகள் பணியாற்றாமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது வேறு வேலைக்குப் போவதைத் தடுக்கவில்லை, விலகுவதற்கு ஒரு தொகையை மட்டுமே விதிக்கிறது என்பது காரணங்களுள் ஒன்று. பொதுத்துறை வங்கியின் நீண்ட ஆள்சேர்ப்பு நடைமுறையும் செலவும் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டன. எந்தப் பயிற்சியும் தராத சிறு நிறுவனம் எழுதி வாங்கும் பெரிய தொகைக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்திவிடாது.

13. ஒப்பந்தத்தை மீறினால் அட்வான்ஸ் முழுவதும் பறிபோகும் என்று எழுதியிருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும் என்கிறது பிரிவு 74. ஃபதே சந்த் வழக்கில் (1963) வீடு வாங்கச் சம்மதித்தவர் 1,000 ரூபாயை ஈட்டுத் தொகையாகவும் (பேரத்தை உறுதி செய்யக் கொடுக்கும் முன்பணம்), சுவாதீனம் பெற்றபோது 24,000 ரூபாயையும் கொடுத்திருந்தார். அவர் மீறியதும் விற்பவர் முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஈட்டுத் தொகையை மட்டும் வைத்துக்கொள்ளலாம், நஷ்டத்தை நிரூபிக்காததால் 24,000 ரூபாயை அந்த விதியின்படி பறிக்க முடியாது என்று தீர்ப்பானது.

நஷ்டத்தைக் கணக்கிடுவதே கடினமான இடங்களில், இரு தரப்பும் முன்கூட்டி நேர்மையாக மதிப்பிட்ட தொகையை நீதிமன்றம் ஏற்கலாம் என்பது ஓஎன்ஜிசி – சா பைப்ஸ் தீர்ப்பின் (2003) சாரம். ஆகவே தொகையை எழுதும்போது அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதிவையுங்கள்.

14. மூலப்பொருள் விலை இருமடங்காகிவிட்டது. பழைய விலைக்கு முடித்துக் கொடுத்தால் நஷ்டம். விலகலாமா?

விலை ஏற்றம் மட்டும் காரணமானால் விலக முடியாது. இந்தோனேசிய நிலக்கரியின் விலை உயர்ந்ததைக் காட்டி மின் உற்பத்தி நிறுவனங்கள் கோரிய விடுதலையை எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் (2017) உச்ச நீதிமன்றம் மறுத்தது. நிறைவேற்றுவது சுமையாகிவிட்டது என்பது வேறு, பிரிவு 56 சொல்லும் இயலாமை வேறு. விலை மாற்றத்துக்கான தனி நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டுமே கேட்க இடமுண்டு.

15. டெண்டர் கிடைக்கச் செய்வதாக ஒருவர் பணம் வாங்கினார். கிடைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாமா?

அதிகாரியைச் சரிக்கட்டுவதற்கான பணம் என்றால் உடன்பாட்டின் நோக்கமே சட்டவிரோதமானது. அரசுப் பணி வாங்கித் தருவதற்கு 1,000 ரூபாய் என்ற பேரம் செல்லாது என்பது 23-ஆவது பிரிவின் எடுத்துக்காட்டுகளிலேயே உண்டு. தெரிந்தே அத்தகைய பேரத்தில் இறங்கியவருக்குப் பணத்தை மீட்டுத்தர நீதிமன்றம் பொதுவாக முன்வராது. விண்ணப்பம் தயாரித்தல், கணக்கு விவரம் தொகுத்தல் போன்ற நேரான சேவைக்குக் கட்டணம் வாங்கி அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அது சாதாரண ஒப்பந்த மீறல்.

16. பார்ட்னர்ஷிப் பத்திரம் இருக்கிறது, ஜிஎஸ்டி எண்ணும் இருக்கிறது. பாக்கி வைத்தவர் மீது எங்கள் வழக்கு செல்லாது என்கிறார் அவருடைய வக்கீல். ஏன்?

முன்னுரையில் சொன்ன மூன்றாவது கேள்வி, அதாவது சட்டத் தடை, இங்கேதான் வருகிறது. ஒப்பந்தம் குறையின்றி இருக்கலாம். கையில் சாட்சியமும் இருக்கலாம். ஆனால் கூட்டாண்மைச் சட்டம், 1932-இன் 69-ஆவது பிரிவுப்படி, பதிவு செய்யப்படாத கூட்டாண்மை நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்து எழும் உரிமைக்காக வெளியாள் மீது வழக்குத் தொடர முடியாது. வெளியாள் மட்டும் அந்த நிறுவனத்தின் மீது தாராளமாக வழக்குப் போடலாம். ஜிஎஸ்டி பதிவோ பான் அட்டையோ இந்தப் பதிவுக்கு ஈடாகாது. கூட்டாண்மை நிறுவனங்களின் பதிவாளரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். வழக்குத் தாக்கலான பிறகு பதிவு செய்து குறையைச் சரிக்கட்டவும் முடியாது. காலவரம்பு மிச்சமிருந்தால் பதிவு செய்துவிட்டுப் புதிய வழக்குப் போடலாம்.

17. கடன் கொடுத்து 4 ஆண்டுகள் ஆகிவிட்டன. "கண்டிப்பாகத் தருகிறேன்" என்று இப்போது எழுதிக் கொடுக்கிறார். பயன் உண்டா?

உண்டு. சாதாரணப் பணக் கடனுக்குக் காலவரம்பு 3 ஆண்டுகள். அதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிய 3 ஆண்டுகள் தொடங்கும் (காலவரம்புச் சட்டம், பிரிவு 18). காலம் கடந்த பிறகு வெறும் ஒப்புதல் போதாது; தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட வாக்குறுதி வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு அதைப் புதிய ஒப்பந்தமாக ஏற்கிறது, தனி மறுபயனும் கேட்பதில்லை. "இவ்வளவு பாக்கி இருப்பது உண்மை" என்ற வரியும் "இந்தத் தொகையைத் தருகிறேன்" என்ற வரியும் 4-ஆம் ஆண்டில் ஒன்றல்ல.

18. அரசு அலுவலர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வேலையை முடித்தேன். பணி ஆணை இல்லை என்கிறார்கள்.

1-ஆம் பதிலில் சொன்ன வாய்மொழி விதி அரசுக்குப் பொருந்தாது. அரசின் ஒப்பந்தம் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரில், அதிகாரம் பெற்றவரால், உரிய முறையில் செய்யப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 299-ஆவது பிரிவு. எனவே ஒப்பந்தத்தின் பேரில் கேட்க முடியாது. ஆனால் இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்த வேலையின் பயனை அரசு ஏற்று அனுபவித்திருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்கீழ் ஈடு கேட்கலாம். அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி கொட்டகைகள் கட்டிக் கொடுத்த ஒப்பந்ததாரருக்கு பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழியில்தான் பணம் பெற்றுத் தந்தது.

19. இன்வாய்ஸின் அடியில் வேறு மாநில நீதிமன்றத்தின் பெயர் அச்சிட்டிருக்கிறது. அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?

இரண்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருக்கும்போது அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளத் தடையில்லை; அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு அதை உருவாக்கித் தர மட்டும் முடியாது. ஏ.பி.சி. லாமினார்ட் வழக்கில் (1989) குஜராத்தின் கைரா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தும், பிற நீதிமன்றங்களை விலக்கும் சொல் இல்லாததால் சேலத்தில் தொடுத்த வழக்கு நிலைத்தது. இதை மட்டும் நம்பிவிடக்கூடாது. "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும், ஓரிடத்தைக் குறிப்பிட்டதிலிருந்தே பிறவற்றை விலக்கும் எண்ணத்தை ஊகிக்கலாம் என்று ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில் (2013) தீர்ப்பு வந்திருக்கிறது. பேரம் முடிந்து சரக்கும் வந்த பிறகு முதன்முறையாக இன்வாய்ஸில் தென்பட்ட நிபந்தனையை நீங்கள் ஏற்கவே இல்லை என்று வாதிடவும் இடமுண்டு.

20. எல்லாம் சரியாக இருந்து வழக்கில் வென்றால் என்ன கிடைக்கும்?

பெரும்பாலும் பணம். மீறலிலிருந்து இயல்பாக எழுந்த இழப்பும், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் அறிந்திருந்த இழப்பும் கிடைக்கும். தொலைதூர, மறைமுக இழப்பு கிடைக்காது (பிரிவு 73). நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கையும் கணக்கில் வரும். சொன்னதையே செய்ய வைக்கும் தீர்வு, அதற்கான தனிச் சட்டத்தில் (Specific Relief Act) 2018-ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு முன்பைவிட எளிதாகியிருக்கிறது. ஆனால் ஒருவரின் தனித்திறனை நம்பிய வேலைக்கும் நீதிமன்றம் இடைவிடாது மேற்பார்வையிட வேண்டிய வேலைக்கும் அது கிடைக்காது.

3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறுகளில், அவசர இடைக்கால உத்தரவு கோராதவர் முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும். வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் வேறொரு பாதையும் உண்டு. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் 90 நாள் கடன் என்று எழுதியிருந்தாலும், சரக்கையோ சேவையையோ ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குமேல் வாங்குபவர் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகத் தர வேண்டும்; அதற்கான முறையீட்டை மாநில வசதியாக்கல் மன்றத்தில் அளிக்கலாம்.